பேர் கேட்ட இன்ஸ்பெக்டர்

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் என் பேரைத்தானேடா கேட்டார்? உன் பேச்சைக் கேட்டு 'மோ பா கோனே'ன்னுட்டேன்!"

ட்ரியோலே பஸ்ஸில் எனக்கு முன்னால், தமிழ் கற்பிக்க மதராஸிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து பயிற்சியில் இருக்கும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன்தான் அப்படிக் கத்தினான்.

"இந்த ஊர் கிரியோல் பாஷையில 'ரொம்ப சந்தோஷம்'னு அர்த்தம்னியே, பாவி! 'எனக்குத் தெரியாது'ன்னு அர்த்தமாம். வகுப்பே சிரிக்குது!"

"விளையாட்டுக்குச் சொன்னேன்டா."

"தன் பேரே தெரியாதவன் என்ன பாடம் நடத்துவான்னு கேட்டுட்டுப் போயிட்டார். அடுத்த கப்பல்ல என்னை ஊருக்கு அனுப்பினா, எங்கப்பாவுக்கு நீயா வந்து பதில் சொல்லுவே?"

"மன்னிச்சுக்கடா."

"பேசாதே!"

கண்டக்டர் வந்தார். கத்தியவன் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினான். தலைகுனிந்திருந்த நண்பனைக் காட்டி, இவர் எங்கே இறங்குவார் என்று சைகையோடு கேட்டார் கண்டக்டர்.

"மோ பா கோனே" என்றான் கத்தியவன்.