வேலிச்செடிக்கு நான் வைத்த பெயர்

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் தண்ணீர் உப்பு, இன்ஸ்பெக்டர். எல்லாச் செடியும் வராது. என் வேலியோரம் வைத்த செடி மட்டும் செழித்து வந்தது.

அதற்குப் பெயர் வைத்தவன் நான். கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தேன். செடிகளை இனம் பிரிப்பதே என் வேலை. காலாப்பட்டு மணல்மேட்டில் அதைக் கண்டெடுத்தேன். பார்வைக்கு ஒரு விஷச்செடியைப் போலவே இருக்கும். இலையின் அடியில் மெல்லிய முடி இருப்பதைக் காட்டி, இது வேறு இனம், விஷமில்லாதது என்று கட்டுரை எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். லத்தீன் பெயருக்குப் பின்னால் சாமிக்கண்ணு என்று என் பெயரும் சேர்ந்தது.

சில வருடங்கள் கழித்து, உப்புக்காற்று பட்டால் அந்த விஷச்செடிக்கும் அதே முடி வருவதைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

போன ஆடியில் எதிர்வீட்டு ஆதிலட்சுமி, பால்வாடிக்குப் போகும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது.

“சார், இனியா உங்க வேலியில இருந்த காயைத் தின்னுட்டா. வாந்தியா எடுக்கறா. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன். இன்னா காய்னு டாக்டர் கேப்பாரு. பேரு சொல்லுங்க சார்.”

அவள் நீட்டிய காய்க்கொத்தைக் கையில் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் டாக்டர் எழுதுவார். பிறகு செடியைச் சோதிப்பார்கள். நான் பெயர் வைத்த இனம் இல்லாமல் போய்விடும். பதற்றமில்லாமல்தான் யோசித்தேன்.

“விஷமில்லம்மா. நானே பேர் வெச்ச செடி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, இளநீர் குடு.”

அவள் முகம் தெளிந்தது. ஆட்டோவை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் இனியா இறந்துபோனாள்.

துக்கம் கேட்கப் போனேன். ஆதிலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேற எதையோ தின்னுருக்கா சார். நான் பாக்காம வுட்டுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்.”

அழாதேம்மா என்றேன்.

அதிலிருந்து வேலியோரம் அந்தப் பிள்ளை நிற்கிறது. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். அப்படியும் பிள்ளை அங்கேயே நிற்கிறது. அழுவதில்லை. இது என்ன காய் என்று கேட்கிறது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

தெரிந்தேதான் செய்தேன். நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். செடியின் பெயரை மட்டும் நான் வைத்தபடி எழுதுங்கள். இருங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.