ரொட்டி கருகுது

மாத்தமாட்டேம்மா. அதுக்காகத்தான் இம்புட்டுத் தூரம் காரு ஓட்டிட்டு வந்தீங்கன்னா, இந்த டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன். ரொட்டியும் எடுத்துக்கோங்க, சூடா இருக்கு.

ஆமா, என் குரல்தான். உங்க டஸ்ட் பிரிகேட் வீடியோ கேம்ல சாகுற எதிரிப் பசங்கள்ல பாதிப் பேரு நான்தான். நாலு பாகத்துலயும் செத்திருக்கேன். இந்த எல் கஹோன் ஊர்ல ரொட்டி சுடுறவன் எவனும் இத்தன தடவ செத்ததில்ல.

புதுசா மொழிபெயர்க்க ஆள் வச்சீங்களா? என்ன எழுதியிருக்காரு, படிங்க கேப்போம்... ம். சரியாத்தான் எழுதியிருக்காரு. அடேய், ரொட்டி கருகுது, அடுப்பப் பாரு. அது மொத பாகத்துல நான் கத்துனது. தப்பு என்னுதில்லம்மா. உங்காளுங்க குடுத்த காகிதத்துல எங்க அரபி எழுத்து ஒண்ணொண்ணும் தனித்தனியா நின்னுச்சு, அதுவும் இடப்பக்கத்துலருந்து. எங்க எழுத்து கைகோத்துக்கிட்டு வலப்பக்கத்துலருந்துதான் வரும். இத எப்படிய்யா வாசிக்கிறதுன்னேன். சும்மா கோவமாக் கத்துங்க, யாருக்குப் புரியப்போவுதுன்னாரு ரெக்கார்டிங் ரூம்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரு. கத்துனேன். ரொட்டிக்கடக்காரன் வேற என்னத்தக் கத்துவான்?

எங்க ஊரு பாக்தாத்ல அது திருட்டு சிடியா எறங்கிருச்சு. அங்க தெருவுக்குத் தெரு கேம் கட. ரொட்டிக்காரன் வர்றான், சுடுடான்னு பசங்க உருண்டு பொரண்டு சிரிக்கிறானுங்களாம். அங்கேருந்து வந்த வாடிக்கைக்காரரு சொன்னாரு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. நான் போக முடியாத ஊருக்கு என் குரலு போகுதே, சும்மா எதுக்குப் போகணும்னு.

ரெண்டாம் பாகத்துல காகிதம் சரியா வந்துச்சு. சுடு, பதுங்கு, குண்டு வருது, எல்லாம் சொன்னபடியே சொன்னேன். மூணாவதுல பாலைவனம் போயி பட்டணம் வந்துச்சு. நாலாவதுல பேரே இல்லாத ஒரு நாடு, ஆனா சாகுறவன் பேசுறது மட்டும் எங்க அரபி. கேட்டா கற்பனைங்கறீங்க. நல்லாருக்கும்மா உங்க கற்பன. அதுக்கும் வந்து கத்துனேன். ஆனா இந்த மூணுலயும் தண்ணித்தொட்டிக்குக் கீழ ஒருத்தன் நிப்பான் பாருங்க, அவன் கத்துறது மட்டும் என் சொந்தச் சரக்கு.

இப்ப எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து, சுத்தம் பண்ணி விக்கப்போறீங்க. பண்ணுங்க. ரொட்டியக்கூடத் தூக்கிருங்க, நான் வந்து புதுசாக் கத்துறேன். அவனத் தொடக்கூடாது.

அவன் சொல்றத எழுதலையா? ஏதோ பேரு, மிச்சம் தெளிவா இல்லன்னா போட்டிருக்காரு? எப்படித் தெளிவா இருக்கும்? நான் சொல்றேன், எழுதிக்கோங்க. ஹிக்மத், எல்லாரும் உசுரோட இருக்கோம். அமெரிக்கா. மெயின் தெரு, பெரிய சர்ச்சுக்கு எதிர்த்தாப்ல ரொட்டிக்கட. எல் கஹோன்.

ஹிக்மத் என் தம்பி. அங்க பாக்தாத்ல, கர்ராதாப் பக்கம் கேம் கட வச்சிருந்தான். சண்ட மும்முரமா இருந்தப்ப, ஒரு மத்தியானம் கடயப் பூட்டினவன் வீடு வந்து சேரல. நாங்க தப்பிச்சு இங்க வந்தது அவனுக்குத் தெரியாது. செத்தவங்களுக்கு ஓதுற பாத்திஹாவ ஓதிரு பஹ்ஜத், மனசு ஆறும்ங்கறாங்க சொந்தக்காரங்க. என் பொண்டாட்டியுந்தான். ஓதமாட்டேன். மொகத்தப் பாக்காம எதுக்கு ஓதணும்? அவன் சோறில்லாம இருப்பான், கேம் இல்லாம இருக்கமாட்டான். உசுரோட இருந்தா, எங்கயாச்சும் ஒரு மிஷினு முன்னாடி குந்திக்கிட்டு என்னயச் சுட்டுக்கிட்டுத்தான் இருப்பான்.

அதான் சொல்றேன். நீங்க கூப்பிட்டா அஞ்சாவதுக்கும் வர்றேன், ஆறாவதுக்கும் வர்றேன். ஒண்ணு மட்டும் சரி பண்ணுங்க. உங்க புதுத் துப்பாக்கியெல்லாம் ரொம்ப வேகம். நாலாவதுல மெயின் தெருன்னு வாயெடுக்கும்போதே தொட்டிக்குக் கீழ நிக்கிறவனச் சாச்சுர்றாங்க, சர்ச்சே வர்றதில்ல. கொல்லுங்க, வேணாங்கல. ஊரு பேரச் சொல்லி முடிக்கிற வரைக்கும் சாகவிடாதீங்க.