மூழ்கத் தெரிந்தவனுக்கு எழும்பத் தெரியாதா?

நான் டீக்குச் சர்க்கரை சேர்ப்பதில்லை. இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வி வாங்கித் தந்த டீயில் மூன்று கரண்டியாவது இருந்திருக்கும். குடித்துவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் ருசி பார்க்கக் கூடாது.

சங்கடப்பட்டது அவர்தான். "அண்ணாச்சி, விபத்துன்னு எழுதி ஃபைல மூடியாச்சு. தங்கச்சி மாப்பிள செத்த துக்கத்துல என்னத்தையோ பேசுதிய. வீட்டுக்குப் போங்க" என்றார். நான் போகவில்லை. எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் பெயர் இனிகோ. வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடிக் கடைக்காரர்களுக்கு விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறேன். தொழிலை ஓர் ஓட்டல் ஹாலில் இரண்டு நாள் வகுப்பில் கற்றேன். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு வந்த ஒருவர், விற்பனை என்பது ஒரு தவம் என்றார். கரண்ட் போனதும் தவம் கலைந்து, கோட்டைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டார். ஆனால் உருப்படியாக ஒன்று சொன்னார். ஊருக்கு எழுதாதே, ஒரே ஓர் ஆளை மனதில் நிறுத்தி அவனுக்கு மட்டும் எழுது. அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று தேடு. அங்கே விரலை வைத்து அழுத்து. பிறகு மருந்தை நீட்டு.

சனிக்கிழமைகளில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. என் தங்கச்சி அல்போன்சாவின் கணவன் ஜெனோ சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஹோஸ் வழியாக அவனுக்குக் காற்று போகும். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை என் கையில். முத்துக் குளித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்பது முன்னோர் போட்ட கணக்கு. அரை மணி ஆனதும் மூன்று தடவை சுண்டுவேன்; அவன் மெல்ல ஏறி வருவான். அடியில் சங்கு கிடக்கும் இடத்தைக் கண்டவனுக்கு நேரம் தெரியாது. தெரியாமல் கிடந்துவிட்டு மேலே வந்தால் இரத்தம் நுரைக்கும், கை கால் விழும், சில சமயம் ஆளே போவான்.

ஜெனோ நல்ல பையன். கொஞ்சம் வாய். தன் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தி நடுவே எழுந்து நின்று சொன்னான்: "எங்க மச்சான் கயிறு பிடிச்சா ஒரு வசதி கேட்டியளா. நான் மேல வாரதுக்கு முந்தி, அவரு எடுத்த வாந்தி கீழ வந்து என்னயக் கூப்பிட்டுரும்." எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது உண்மைதான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த மாதம்தான் வேதமணி அண்ணாச்சி கூப்பிட்டார். குளியாளிகளுக்குச் சாமான் விற்பவர். கையில் கட்டும் மணி ஒன்றைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். நேரத்தைத் திருகி வைத்தால் தண்ணீருக்குள் அடிக்கும். "ஏலே இனிகோ, ஒரு பயலும் வாங்க மாட்டேங்கான். என்னமாவது எழுதித் தா" என்றார்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. கசகசா அளவு எழுத்தில், பத்து மீட்டருக்குக் கீழே உத்தரவாதம் இல்லை என்று போட்டிருந்தது. நான் தொழிலில் நேர்மையானவன். ஒன்றைக் கயிற்றில் கட்டி, ஜெனோ வழக்கமாக இறங்கும் பன்னிரண்டு பாகத்துக்கு, அதாவது இருபது மீட்டருக்கு மேல், இறக்கிப் பார்த்தேன். எடுத்தபோது ஊமையாகியிருந்தது. அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

'கடலுக்கடியில் நீங்கள் ராஜா. உங்கள் கயிறு மட்டும் ஏன் இன்னொருவர் கையில்? மூழ்கத் தெரிந்தவனுக்கு எழும்பத் தெரியாதா? ஆழமணி. நேரமானால் அடிக்கும். இன்னும் பதினொன்றே இருக்கிறது.'

இதில் ஒரு பொய் காட்டுங்கள். நேரமானால் அடிக்கும், வாளியில் போட்டால் இன்றைக்கும் அடிக்கும். பதினொன்று அண்ணாச்சியின் மேசையில் இருந்தது, மீதிப் பெட்டிகள் கிட்டங்கியில். மனிதன் லாபத்துக்கு ஆசைப்படுவதைவிடக் கௌரவம் போவதற்குப் பயப்படுகிறான். அதை நான் படைக்கவில்லை.

மறுநாளே ஜெனோ வாட்ஸப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டினான். "எவன் எழுதுனானோ மச்சான், என் நெஞ்சுக்குள்ள பூந்து பாத்துல்லா எழுதியிருக்கான்." இத்தனை வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம். நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு அடக்கம் உண்டு.

அந்தச் சனிக்கிழமை கையில் மணியைக் கட்டினான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் மடியில் போட்டான். "இனி நீரு ஹாயா இரும்" என்றான். வாடிக்கையாளரின் முடிவை நான் மதித்தேன்.

அரை மணி ஆனது. கம்ப்ரசர் பார்க்கும் லிங்கராஜ் என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, ஹோஸயாவது சுண்டட்டுமா?"

"கைல மணி கட்டியிருக்காம்லா. அடிக்கும்."

முக்கால் மணியில் மறுபடி கேட்டான். "மணி அடிக்கும்லே" என்றேன். வார்த்தை மாறாமல் சொல்வது முக்கியம். திரும்பத் திரும்பக் கேட்பதை மனம் நம்பிவிடும். லிங்கராஜ் நம்பினான். அன்று எனக்கு வாந்தி வரவில்லை. செல்போனில் விளம்பரத்துக்கு வந்த ஆர்டர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனபோது ஜெனோ தானாக வந்தான். பை நிறையச் சங்கு. சிரித்துக்கொண்டே ஏறினான். பிறகு தோளைப் பிடித்தான், காலைப் பிடித்தான். "மச்சான், மணி அடிக்கலியே" என்றான். திரேஸ்புரம் கரை தெரிகிறபோது பேச்சு நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சும்.

இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நானாக ஏன் வந்தேன் என்று இன்ஸ்பெக்டர் மேடம் கேட்டார். போன வாரம் வியாபாரிகள் கூட்டத்தில், இந்த ஆண்டின் சிறந்த விளம்பர வாசகம் என்று வேதமணி அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டு, "ராத்திரி தூக்கத்துல எனக்கே தோணிச்சு" என்று பேசினார். ஒரு மனிதன் எதைத்தான் பொறுப்பான்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வாசகம் என்னுடையது. ஜெனோ ஒருவனுக்காகவே எழுதியது. மணி அடிக்காது என்று தெரிந்து எழுதியது. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். கோபத்தில் செய்யவில்லை, வாசகம் வேலை செய்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

மேடம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் மட்டும் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். விருந்தில் சிரித்தவர்கள் முப்பது நாற்பது பேர் என்று அவராக எழுதியிருந்தார். ஐம்பத்து மூன்று பேர். அல்போன்சாவையும் சேர்த்து.