ஒரு தட்டு, ஓர் அடி

ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. சிங்கப்பூர் துவாஸ் தொழிற்பேட்டையில், கடல் பக்கம் போய் முட்டி நிற்கும் ஒரு சாலை...

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டாமா என்று கேட்காதீர்கள். வார நாளில் துவாஸைப் பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் துவாஸ் தெரியாது. லாரி இல்லை. ஆள் இல்லை. காப்பிக் கடைகூடப் பூட்டிக் கிடக்கும். வெயிலில் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்க ஒரு ஜீவன் கிடையாது.

ஸைஃப், விளக்கைத் தொடாதே. பயமாக இருந்தால் அமீரா பக்கம் நகர்ந்து உட்கார். எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறோம், வெளியே மழை கொட்டுகிறது, யார் வந்து என்ன செய்துவிடப் போகிறார்கள்?

இது என் கூட வேலை செய்யும் ரக்ஷனாவின் மாமாவுக்கு நடந்தது. ரக்ஷனாவை உங்களுக்குத் தெரியும். டாக்டரிடம் எம்சி வாங்கி லீவு எடுக்கக்கூட ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத பெண். அவள் அழுதுகொண்டு சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

மாமா பெயர் அழகப்பன். துவாஸில் சின்னதாக ஒரு பட்டறை. கார் உடம்பில் விழும் நசுங்கல், துரு, ஓட்டை... அதுதான் தொழில். அவரோடு இருபது வருடமாக வேலை செய்பவர் சேவியர். வயதில் இளையவர். "அண்ணே" என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டது கிடையாது. சேவியரின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அழகப்பன்தான்.

காத்தோங்கில் ஆரணி என்று ஒரு பெண். அவளுடைய தாத்தா ஓட்டிய பழைய மோரிஸ் கார் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. முப்பது வருடத்துக்கு மேல். தாத்தா ஒரு நாள் கொண்டுவந்து நிறுத்தினாராம், மூடினாராம், சாகும்வரை யாரையும் கதவைத் திறக்க விடவில்லையாம். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நாம்தான் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிற ஜாதி, அவர்கள் அப்படி இல்லை.

ஆரணிக்குப் புதன்கிழமை கல்யாணம். சிலோன் ரோடு கோயிலுக்கு அந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எஞ்சினை வேறொருவர் ஓட வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது கூரை. தகரம் முழுக்கத் துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி.

அழகப்பன் முதலிலேயே சொன்னார். "இத வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்ட் பண்ணணும்மா. மூணு வாரம் ஆகும்."

"அங்கிள், ப்ளீஸ் லா. அடிச்சு நிமித்தி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வெட்டுங்க."

இவரும் தலையாட்டிவிட்டார். நல்ல மனிதர்களுக்கு இது ஒரு வியாதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பட்டறையைத் திறந்தார்கள். இருக்கைகளைக் கழற்றினார்கள். உள் கூரைத் துணியைக் கிழித்தார்கள். பத்துக் காசை வாயில் போட்டுச் சப்பியது போல ஒரு வாடை நாக்கில் வந்து உட்கார்ந்தது. துணிக்கு அடியில் தகரம் இடம் இடமாக வெளிப்பக்கம் புடைத்திருந்தது. கைமுட்டி அளவுக்கு... ஏழெட்டுப் புடைப்பு. எல்லாம் பின் இருக்கைக்கு மேலே.

சேவியர் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். உதிர்ந்த பொடி உலர்ந்து இருக்க வேண்டும் அல்லவா? ஈரமாக இருந்தது. கையில் ஒட்டியது.

"என்னண்ணே இது, பிசுபிசுங்குது?"

"முப்பது வருஷ ஈரம். பாத்துக்கிட்டே நின்னா புதன்கிழமை வந்துடும்."

இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்தால்தான் அப்புறம் நடந்தது புரியும். ஒருவர் வெளியே நின்று கூரையில் சுத்தியலால் அடிப்பார். இன்னொருவர் உள்ளே இருந்து, அடி விழும் இடத்தில் ஓர் இரும்புக் கட்டியை மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பார். அதை டோலி என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் தகரம் நிமிரும். சத்தம் மண்டையைப் பிளக்கும் என்பதால் இருவரும் காதை அடைத்துக்கொள்வார்கள். கண்ணாடிகளில் பெயிண்ட் படாமல் இருக்கக் காகிதம் ஒட்டியிருக்கும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆகவே தட்டுதான் பேச்சு. உள்ளிருந்து டோலியால் ஒரு தட்டு என்றால், இங்கே அடி. இரண்டு தட்டு என்றால், நிறுத்து. வெளியே நிற்பவர் இடது உள்ளங்கையைக் கூரையில் வைத்து அதை உணர்வார். தட்டு வராமல் சுத்தியல் இறங்காது. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. மேலே சுத்தியல், கீழே சேவியரின் வலது கை, நடுவில் துரு தின்று காகிதமாகிப்போன தகரம். அந்தக் கைதான் அவர் வீட்டில் நான்கு பேருக்குச் சோறு போட்டது.

முதல் அரை மணி நேரம் ஒழுங்காகப் போனது. தட்டு... அடி. தட்டு... அடி.

பிறகு தட்டு இடம் மாறியது. முன்னால் இருந்த சேவியர் பின்னால் போய்விட்டார் போலிருக்கிறது என்று அழகப்பனும் நகர்ந்தார். அந்தப் புடைப்புகள் இருந்த இடம். அடித்தார். தகரம் இறங்கவில்லை. எழும்பியது. இன்னொரு அடி. இன்னும் எழும்பியது. உள்ளே இருப்பவர் இவரைவிடப் பலமாகக் குத்துவது போல...

அழகப்பனுக்குக் கோபம் வந்தது. மாமா யாரையும் கை ஓங்கி அடித்ததில்லையாம். ஆனால் அன்று, யார் மேல் என்றே தெரியாத ஒரு கோபம் வயிற்றிலிருந்து கைக்கு வந்தது. சின்னச் சுத்தியலை வீசி எறிந்தார். பெரிய சுத்தியலை எடுத்தார்.

ஒரு தட்டு. அடித்தார்.

ஒரு தட்டு. அடித்தார்.

அடியில் இப்போது இரும்பு இல்லை. வேறு ஏதோ... நொறுங்குகிற எதுவோ. அந்த அதிர்வு சுத்தியல் காம்பு வழியாகத் தோள்வரை வந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது என்று அவரே சொன்னாராம். தெரிந்தும் நிறுத்தவில்லை. ஏனென்றால் உள்ளங்கையில் மறுபடி ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. தட்டியதும் கை இறங்கும், இருபது வருடப் பழக்கம். துருக்குழிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கிழிந்தன. ஓட்டை வழியாகச் சூடாக ஏதோ தெறித்து அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. துருத் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டார். ஒரு தட்டு. அடித்தார். ஒரு தட்டு. அடித்தார்.

வேர்வையில் காதடைப்பு வழுக்கிக் கழுத்தில் விழுந்தது.

அப்போதுதான் கேட்டது. கத்திக் கத்தி அறுந்துபோன தொண்டை. காற்றுதான் வந்தது.

"அண்ணே... வேணாம்ணே... கைய விடுங்கண்ணே..."

சுத்தியல் பாதியில் நின்றது. ஆனால் இடது உள்ளங்கைக்கு அடியில்... ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அவசரப்படுத்துகிற மாதிரி.

கதவைப் பிய்த்துத் திறந்தார். உள்ளே சேவியர் ஒருவர்தான். வலது கை இன்னும் கூரையோடு ஒட்டி மேலே நின்றது. விரல்கள் எது, தகரம் எது என்று தெரியவில்லை. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. டோலி முன்பக்கம், பிரேக் பெடலுக்கு அடியில் கிடந்தது. அதில் ஒரு சொட்டு இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து, போலீஸ் வந்து, விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஆரணி வாடகைக் காரில் கோயிலுக்குப் போனாள். சேவியருக்கு நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மட்டும் தங்கியது.

மூன்றாவது நாள்தான் அழகப்பனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வந்தது. ரக்ஷனாதான் கூட்டிக்கொண்டு போனாள், கதவுப் பக்கம் நின்றாள். மாமா கட்டில் அருகே உட்கார்ந்து விசும்பி அழுதார். பிறகு கேட்டார்.

"ஏன்பா கைய எடுக்கல? ஏன் தட்டிக்கிட்டே இருந்தே?"

"டோலி முதல்லயே விழுந்துடுச்சு. நான் தட்டல."

"அப்ப யாரு தட்டினது?"

சேவியர் வலது முன்கையில், கட்டுக்கு மேலே, சட்டையை ஒதுக்கிக் காட்டினார். யாரோ இறுக்கிப் பிடித்த தடம். கறுத்துக் கன்றியிருந்தது. மூன்று விரல்கள் முழுசாக. மோதிர விரல் பாதி.

ரக்ஷனா மாமாவின் கையைப் பார்த்தாள். அழகப்பனுக்கு இடது மோதிர விரல் பாதிதான். பதினெட்டு வயதில் தகடு வெட்டும் மெஷினில் போனது.

"பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சு, கூரையோட வச்சு அழுத்திக்கிட்டு இருந்தீங்க," என்றார் சேவியர். குரல் இன்னும் சரியாகவில்லை. "நான் உங்க மூஞ்சியப் பாத்துக் கெஞ்சினேன். நீங்க சிரிச்சீங்க. இன்னொரு கையால தட்டிக்கிட்டே இருந்தீங்க. ஏன்னு நான் கேக்கல. மேல நின்னு அடிச்சது யாரு, அதை மட்டும் சொல்லுங்க."

அழகப்பன் எழுந்து, "சேவியர்..." என்று ஓரடி கிட்டே போனார்.

சேவியர் சுவரோடு ஒண்டிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தினார். அழகப்பன் வெளியே போகும்வரை விரலை எடுக்கவில்லை.