நடுக்கட்டை

— கதவு திறந்துதானேய்யா கிடக்கு, எதுக்குக் கண்ணாடியை உடைக்கறே?

— கூப்பிட்டா நீங்க திரும்பிப் பார்க்க மாட்டீங்க, மாஸ்டர். இப்போ பார்த்தீங்களா? அந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைங்க.

— தம்பி, நீயா? கையில என்ன, மைக் ஸ்டாண்டா? கச்சேரிக்குப் போற வழியா?

— கச்சேரி இங்கதான். எங்க அண்ணன் கீபோர்டு எங்க?

— மேஜை மேலதான் வயித்தைத் திறந்து போட்டிருக்கேன். நீ தள்ளி நில்லு. உள்ளே கண்ணாடித் தூள் விழுந்தா எடுக்க முடியாது.

— உள்ளே பிடிச்சிருக்கற சத்தத்தை எடுத்துக் குடுங்கன்னு போன வாரம் நானே தோள்ல சுமந்து வந்து குடுத்தேன். தினமும் போன் பண்றேன், எடுக்கறதே இல்ல. நேத்து வந்தா கடை பூட்டியிருக்கு, உள்ளே ஃபேன் ஓடற சத்தம் கேக்குது.

— வேலை அதிகம் தம்பி. பழைய கீபோர்டுன்னா ஊருக்கே நான் ஒருத்தன். அங்க பாரு, அலமாரி பூரா வரிசை கட்டி நிக்குது.

— கேட்டதுக்குப் பதில். உள்ளே சத்தம் இருக்கா இல்லையா?

— இல்ல. அழிஞ்சு போச்சு.

— எப்படி அழியும்? கரண்ட் போனா பிடிச்சு வெச்சதெல்லாம் மறந்துடுதுன்னு அண்ணன் புலம்பினப்போ, உள்ளே பேட்டரி வெச்சுக் குடுத்தது யாரு? நீங்கதானே. இனிமே உன் கீபோர்டு எதையும் மறக்காதுன்னு மார்தட்டினீங்க.

— பேட்டரியும் மனுஷன் மாதிரிதான். ஒரு நாள் தீர்ந்துடும்.

— கதை விடாதீங்க. இது காது இருக்கற கீபோர்டு. மைக்கைச் சொருகிக் காத்திரு காத்திருன்னு வெச்சுட்டா, பக்கத்தில பெரிசா ஒரு சத்தம் கேட்டதும் தானாப் பிடிக்க ஆரம்பிக்கும். அண்ணன் தெருநாய் குரைக்கறதைப் பிடிச்சு, அதைக் கட்டையில வாசிச்சு ஒரு பாட்டே போட்டான். காத்திருந்தா சிவப்பு லைட்டு சிமிட்டும். பிடிச்சிட்டா அசையாம நிக்கும். அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்புறம் ரிகர்சல் ரூமுக்குள்ள போய்ப் பார்த்தேன். லைட்டு அசையாம நின்னுச்சு மாஸ்டர்.

— நாற்காலி விழுந்திருக்கும். கதவு அடிச்சிருக்கும்.

— அண்ணன் மண்டை உடைஞ்சிருக்கும். அந்தச் சத்தம் உள்ளே இருக்கு. அடிச்சவன் குரலும் இருக்கு. போலீஸ்காரன் எவனோ திருடன்னு எழுதி மூடிட்டான். நான் மூடல. கடைசியா கேக்கறேன், இருக்கா?

— இல்லன்னு சொன்னேனே.

— சரி. நான் மைக் டெஸ்ட் பண்றவன் மாஸ்டர். எனக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஒண்ணு. ரெண்டு.

— ஐயோ, பாவி, அது பள்ளிக்கூடத்துக் கீபோர்டுடா! பசங்க வாசிக்கறதுடா!

— கட்டையெல்லாம் பல்லு மாதிரி கொட்டுது பாருங்க. அடுத்தது எது? மரப்பெட்டியில இருக்கே, அதுவா?

— அதைத் தொடாதே. அந்த மாதிரி இனி உலகத்திலேயே கிடைக்காது. நிறுத்து, நிறுத்து. சொல்றேன்.

— சொல்லுங்க.

— சத்தம் இருக்கான்னு எனக்கே தெரியாது. கீபோர்டுக்கு மூளை போயிடுச்சு. உள்ளே புரோகிராம் சிப் ஒண்ணு இருக்கு. அது இருந்தாத்தான் கீபோர்டு கண்ணைத் திறக்கும், வாயைத் திறக்கும். அது காலி. வயசாயிடுச்சு.

— அந்தச் சிப்பு எங்க?

— அது எதுக்கு உனக்கு?

— இந்த டப்பாவுக்குள்ள ஊதா விளக்கு எரியுதே, இதுக்குள்ளேயா? மூடியைத் திறக்கறேன். ஓஹோ. பல்லி மாதிரி காலை விரிச்சுப் படுத்திருக்கு. முதுகுல சின்னக் கண்ணாடி ஜன்னல். அது மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிச்சிருக்கீங்க. மாஸ்டர், நான் படிக்காதவன்தான், ஆனா பத்து வருஷமா வயரோட வாழறவன். இந்த ஜன்னல் வழியா இந்த விளக்கு பட்டா எழுதினதெல்லாம் அழியும். தானா காலியாகல. நீங்க அழிச்சிருக்கீங்க. ஏன் அழிச்சீங்க? எங்க அண்ணன் கொலைக்கு இருக்கற ஒரே சாட்சியோட நாக்கை அறுத்திருக்கீங்க. யாரைக் காப்பாத்தறீங்கன்னு எனக்குத் தெரியும். ஜன்னல் வழியா கீழே பாருங்க. என் வேன் நிக்குது. உள்ளே யாரு இருக்காங்கன்னு சொல்லுங்க பார்க்கலாம்.

— யாரு?

— உங்க மருமகன். நம்ம டிரம்ஸ். வாயில டேப்பு, கையில மைக் கேபிள். மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில அழகாப் படுக்க வெச்சிருக்கேன்.

— டேய். என் பொண்ணு முழுகாம இருக்காடா.

— எங்க அண்ணி தாலி அறுத்துட்டு உட்கார்ந்திருக்கா. அண்ணனை அடிச்சது எதுல தெரியுமா? உங்க மருமகன் சிம்பல் தட்டு மாட்டற ஸ்டாண்டுல. அன்னைக்கு மத்தியானம் அண்ணன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? இந்தக் குழுவில ஒருத்தனை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பப் போறேன்டா, மனசு கேக்கல, ஆனா வேற வழியில்லன்னான். யாரை அனுப்புவான்? தாளம் தப்பறவனைத்தான்.

— என் மருமகன் அடிக்கல, தம்பி.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— அப்போ கேட்டிருக்கீங்க. அழிக்கறதுக்கு முன்னாடி வாசிச்சுப் பார்த்திருக்கீங்க.

— வெறும் இரைச்சல்டா. யார் குரலும் இல்ல.

— கையை மேஜை மேல வைங்க. இடது கை. நல்லா விரிச்சு. மாஸ்டர், எனக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். ஒண்ணு.

— தம்பி, உன் அண்ணன் இருந்தா...

— ரெண்டு.

— அம்மா! ஐயோ, அம்மா...

— சுண்டுவிரல்தான். மிச்சம் இருக்கறதை வெச்சு சிப்பு எழுதலாம். புரோகிராமோட நகல் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். எல்லாத்துக்கும் நகல் வெச்சிருக்கற ஆளு நீங்க. எழுதுங்க. அதுக்குள்ள நான் கீழே போய் உங்க மருமகனைக் கூட்டிட்டு வரேன். ஓடலாம்னு நினைக்காதீங்க. இருக்கறது ஒரு படிக்கட்டு, அதுல நான் இருப்பேன். போனையும் குடுங்க.

— அவனை அடிக்காதே. எழுதறேன். போ.

— வந்துட்டோம் மாஸ்டர். ம், நட. தலையைக் குனிஞ்சுக்கோ, நிலைப்படி இடிக்கும். உட்காரு. டேப்பை எடுக்கறேன், கத்தினே...

— ஆ! மீசையோட வந்துடுச்சு மாமா. மாமா, உங்க கை என்னாச்சு?

— ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. நீ பேசாம இரு.

— எப்படி மாமா பேசாம இருக்கறது? கடையில பால் வாங்கிட்டு இருந்தேன். பின்னால வந்து மண்டையில போட்டான். வீட்டுல உங்க பொண்ணு பால் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?

— உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எங்க அண்ணனை எதுக்குடா அடிச்சே?

— நான் அடிக்கல. சத்தியமா அடிக்கல. அன்னைக்கு ரிகர்சல் முடிஞ்சதும் ஸ்டாண்டையெல்லாம் மூலையில சாத்திட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன். சத்தியமா.

— அண்ணன் உன்னைத்தானே வீட்டுக்கு அனுப்பறேன்னான்?

— என்னையா? அடுத்த மாசம் வெளியூர்க் கச்சேரிக்கு அட்வான்ஸ் டிக்கெட் போட்டுக் குடுத்தாரு எனக்கு. அனுப்பறவரு டிக்கெட் போடுவாரா? நீ அன்னைக்கு எங்க இருந்தே? நீதானே எப்பவும் அண்ணன் கூடவே ஒட்டிக்கிட்டு இருப்பே?

— அதைக் கேக்காதே.

— கேப்பேன்.

— வேன்ல கிடந்தேன். குடிச்சிட்டு. போதுமா? பத்து அடி தூரத்தில எங்க அண்ணன் ரத்தத்தில கிடக்கறான், நான் வேன்ல சுயநினைவே இல்லாம கிடக்கறேன். கண்ணைத் திறந்தா விடிஞ்சிருக்கு. சட்டை பூரா வாந்தி, ரத்தம். பாட்டிலை உடைச்சு எங்கேயோ கீறியிருக்கேன், காயம் எங்கன்னுகூடத் தெரியல. அந்த ஒரு நாள் நான் குடிக்காம இருந்திருந்தா எங்க அண்ணன் இருந்திருப்பான். அதனாலதான் வந்திருக்கேன். மாஸ்டர், எழுதியாச்சா?

— ஆச்சு.

— சரியா எழுதியிருக்கா?

— கம்ப்யூட்டர் சரின்னு சொல்லுது. தம்பி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வீட்டுக்குப் போ. அண்ணிக்குத் துணையா இரு. நான் போலீஸுக்குச் சொல்ல மாட்டேன். கண்ணாடி தானா உடைஞ்சுதுன்னு சொல்லிக்கறேன். விரல் கதவுல மாட்டிக்கிச்சு.

— சிப்பைச் சொருகுங்க.

— சொருகறேன், இரு.

— மெதுவா. நிறுத்துங்க. நிறுத்துங்க மாஸ்டர். சிப்போட தலையில ஒரு பள்ளம் இருக்கே, அது எந்தப் பக்கம் இருக்கணும்?

— இந்தப் பக்கம்.

— அந்தப் பக்கம். போர்டுலயே வெள்ளைக் கோட்டுல வரைஞ்சிருக்கான். தலைகீழாச் சொருகி கரண்ட் குடுத்தா புகைஞ்சு போயிடும். சிப்பும் போகும், பக்கத்தில இருக்கற மெமரியும் போகும், எங்க அண்ணனும் போவான். அதுதானே கணக்கு?

— மாமா, ஏன் மாமா? நான் அடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமே. இவன் கேக்கட்டுமே. கேட்டா என்னை விட்டுடுவானே.

— நீ சும்மா இருடா மாப்பிள்ளை.

— பார்த்தியா டிரம்ஸ்? உன் மாமனாரே உன்னை நம்பல. மாஸ்டர், இன்னொரு விரல் வேணுமா, இல்ல இவன் முட்டியா? டிரம் வாசிக்கறவனுக்கு முட்டி முக்கியம். எனக்கு ரெண்டு வரைக்கும்தான்...

— ஆரம்பிச்சிட்டான்யா. ஸ்டேஜ்லயும் இதே பாட்டுதான் மாமா, ரூமுக்குள்ளயும் இதே பாட்டுதான்.

— ஒண்ணு. ரெண்டு.

— ஆ! மாமா! மாமா, முட்டி போச்சு, மாமா!

— நிறுத்துடா! திருப்பிச் சொருகிட்டேன். இந்தப் பாரு, சரியாச் சொருகிட்டேன். அவனை விடு.

— ஸ்விட்சைப் போடுங்க.

— போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், கேளு. உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உயிரோட இருந்தான். போலீஸ்காரன் யாரு அடிச்சதுன்னு கேட்டான், தெரியாதுன்னு தலையாட்டிட்டான். நீ கேட்டே, உன்கிட்டயும் அதையேதான் சொன்னான்.

— பயத்தில சொல்லல. இவனுக்குப் பயந்து.

— என்கிட்ட ஒண்ணு சொன்னான். நீ காபி வாங்கப் போயிருந்தே. என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, காதுல சொன்னான். கீபோர்டைத் துடைச்சிடுங்க மாஸ்டர்னு. வேற எதுவும் சொல்லல.

— பொய்.

— என் பொண்ணு வயித்தில இருக்கற பிள்ளை மேல ஆணை. பேட்டரியைப் பிடுங்கினா போதும், ஒரே நொடியில அழிஞ்சிடும். அவன் சொன்னபடி செய்யணும்னு உட்கார்ந்தேன். முடியலடா. உள்ளே அவன் குரலும் இருக்கு. இருபது வருஷ சிநேகிதன். அவன் குரலை நான் எப்படிப் பிடுங்கிப் போடுவேன்? அதனால வாயை மட்டும் தைச்சேன். அந்தப் பேட்டரியை அன்னைக்கே பிடுங்கியிருக்கணும்.

— அடிச்சவனை எங்க அண்ணன் எதுக்குக் காப்பாத்தணும்? இந்தத் தாளம் தெரியாத தடியன் எங்க அண்ணனுக்கு யாரு? கூடப் பிறந்தவனா? சொல்லுங்க மாஸ்டர். யாரு?

— கேக்காதே தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். நீ என் மத்த விரலையும் உடைச்சுட்டுப் போயிடு.

— ஸ்விட்ச் எங்க? நானே போடறேன். லைட்டு வந்துடுச்சு. எழுத்து ஓடுது. எந்தக் கட்டை? இதுவா?

— என்ன மாமா இது, கிளி கத்தற மாதிரி இருக்கு?

— ஒண்ணும் புரியல. இந்தக் கட்டை?

— இது எருமை உறுமற மாதிரி இருக்கே.

— வாயை மூடு டிரம்ஸ். மாஸ்டர், ஆளு தெரியற மாதிரி எந்தக் கட்டையில கேக்கும்? இல்லன்னா இவனோட இன்னொரு முட்டி.

— மேல போனா குரல் சுருங்கும், கீழே போனா இழுக்கும். பிடிச்ச குரல் பிடிச்ச மாதிரியே கேக்கறது ஒரே கட்டையிலதான். நடுக்கட்டை. அந்த வெள்ளை. தம்பி, கடைசியாச் சொல்றேன். நீ இதைக் கேக்கக் கூடாதுன்னுதான் உங்க அண்ணன் நினைச்சான்.

— கேட்டுட்டு இவனைக் கொல்லப் போறேன். உங்க கையை எடுங்க.

— எடுத்துட்டேன்.

— மாமா, சத்தியமா நான் இல்ல.

— தெரியும் மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கோ.

— அழுத்தறேன். ஏதோ பாட்டில் உடையுது... அண்ணன் குரல்... வேண்டாம்டா, ஸ்டாண்டைக் கீழே போடுடான்னு அண்ணன் சொல்றான்... இருங்க, அடுத்தவன் பேசறான்...

— எனக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும், அண்ணா. ஒண்ணு.