தொட்டிக்குள் வாழும் உயிர்களும் தொலைவில் வாழும் என் அக்காவும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே! முன்வரிசைக்கு முகமும் முறையும் தந்திருக்கும் மூத்தோர்களே! பதினோர் ஆண்டுகள் கதவையும் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, அப்படியும் உள்ளே நுழைந்த வாய்க்கால் நாற்றத்தோடு அடுப்பெரித்த தாய்மார்களே! கிழங்கு அரைக்கும் கூடத்திலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நல்லவர்களே! இந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடிக் குழாய் கழுவும் ஒருத்தியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

“செத்துக் கிடந்த வாயுத் தொட்டிக்கு உயிர் கொடுத்தவர்” என்று அழைப்பிதழில் என்னைப் பற்றி அச்சடித்திருக்கிறீர்கள். படித்தேன்; வெட்கத்தில் தலை குனிந்தேன். அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வெட்கத்துக்குப் பதினோரு வயது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தொட்டிக்கு உயிர் என்றால் என்ன? கிழங்கை அரைத்து மாவு எடுக்கிறோம். மிஞ்சும் நீரில் மாவும் சர்க்கரையும் கலந்தே கிடக்கின்றன. அதை வாய்க்காலில் விட்டால் வாய்க்கால் மூச்சுத் திணறிச் சாகும். காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் காத்திருக்கின்றன. ஒரு கூட்டம் மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஒரு கூட்டம் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைச் சிறிது சிறிதாய்ச் சிதைத்து ஹைட்ரஜனை வெளியே விடும். கடைசிக் கூட்டம் எல்லாவற்றையும் வாங்கி மீத்தேனாக்கும். நம் பாய்லரில் எரிகிறதே, அதே வாயு!

இதில் நுட்பம் என்ன தெரியுமா? கடைசிக் கூட்டம் ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்ணாவிட்டால், அதற்கு முந்தைய கூட்டத்தால் ஓர் அடி நகர முடியாது. அமிலக்காரர்கள் மணிக்கணக்கில் பெருகுவார்கள். மீத்தேன்காரர்களுக்கோ நாள்கணக்கு வேண்டும். அளவுக்கு மீறித் தீனி போட்டால் அமிலம் முந்தும். அமிலம் முந்தினால் மீத்தேன்காரர்கள் மடிவார்கள்.

பின்வரிசையில் யாரோ கொட்டாவி விடுகிறீர்கள். விடுங்கள், தப்பில்லை. பாடம் முடிந்தது. இனி மனிதர்கள் கதை.

அந்தத் தொட்டியை ஓட்டியவர் ஒரு பெண். நீங்கள் எல்லோரும் ‘டேங்க் அக்கா’ என்றே கூப்பிட்டீர்கள். எனக்கு அவள் வெறும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆலைக்குப் பின் தெருவில், மாடிப்படிக்கு மேலே இரண்டு அறை. அவளும் நானும் மட்டும். வேலை முடிந்து அவள் படியேறினால் அழுகிய முட்டை வாடை அவளுக்கு முன்னால் ஏறிவரும். “அக்கா, அங்கேயே நில்லு! குளிச்சுட்டு உள்ள வா!” என்று கத்துவேன். அவள் வேண்டுமென்றே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள். “இது நாத்தம் இல்லடி, என் பிள்ளைங்க விடுற மூச்சு!” என்பாள்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான். அந்த வாடை மறுபடி படியேறி வராதா என்று ஏங்கி ஏங்கி, வெறும் படியையே பார்த்து உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எத்தனை! எத்தனை!

பதினோர் ஆண்டுகளுக்கு முன், அறுவடைக் காலம். வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அப்போதைய மேனேஜர், இப்போது இங்கே இல்லாதவர், எல்லா நீரையும் தொட்டிக்குள் திருப்பச் சொன்னார். அன்று காலை அமில அளவை எடுத்தவள் நான். வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு. தாளை அக்காவிடம் கொடுத்தேன். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

“சார், அமிலம் ஏறுது. தண்ணிய பாதியா குறைங்க. ஒரு வாரம் போதும், நான் சரி பண்ணிடறேன்.”

“லாரி எல்லாம் வாசல்ல நிக்குதும்மா. உன் புழு பூச்சிக்காக ஆலைய நிறுத்தச் சொல்றியா?”

“நிறுத்த வேணாம் சார். குறைச்சா போதும்.”

“போய் வேலையப் பாரு.”

அவள் போனாள். அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினாள். மூட்டை மூட்டையாய்த் தன் தோளில் சுமந்து ஊற்றினாள். ஆறாம் நாள், வாயு சேர்ந்தால் மேலெழும் கூண்டு தரைதட்டியது. சுடர் சுருங்கியது, சுருங்கி அணைந்தது. தொட்டி புளித்துச் செத்தது. நீர் வாய்க்காலுக்குப் போயிற்று. மீன்கள் வயிறு தெரிய மிதந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எவளுடைய கவனக்குறைவு இது என்று வீதிக்கு வீதி கேட்டீர்கள்.

விசாரணை இதே மண்டபத்தில்தான் நடந்தது. “யாரும் என்னிடம் சொல்லவில்லை” என்றார் மேனேஜர். “சொன்னேன், என் தங்கச்சியும் கூட இருந்தா” என்றாள் அக்கா. விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீங்க இருந்தீங்களா?”

வேலை போய்விடுமே என்ற பயம். எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பயம். நாக்கு என்னுடையதுதான். சொன்னது நான்தான்.

“சரியா நினைவில்லை, சார்.”

(அமைதி காக்க வேண்டாம், பேசிக்கொள்ளுங்கள். பேசத்தான் வேண்டும்.)

அக்கா அழவில்லை, ஏசவில்லை. ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். மறுவாரம் ஒரு பெட்டியோடு படியிறங்கினாள். இரண்டு நாள் பயணத் தொலைவில் ஒரு பழச்சாறு ஆலை. அவர்கள் தொட்டி கட்டிய காலத்தில் நம் தொட்டியிலிருந்துதான் இந்த உயிர்கள் குடியிருக்கும் விதைச் சேறு கொண்டுபோனார்கள். அக்காதான் கூடப் போய் ஊற்றிவிட்டு வந்தாள். அவளை அவர்களுக்குத் தெரியும். அவள் அருமையும் தெரியும்.

கடிதம் எழுதினேன், கிழித்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? ‘நல்லாயிருக்கியா’ என்று கேட்க எனக்கு வாய் ஏது?

போன ஆண்டு நம் புதிய தலைவர் தொட்டியைத் திறக்கச் சொன்னார். சாணம் கரைத்து நான்கு மாதம் முயன்றோம். ஒரு குமிழிகூட நிலைக்கவில்லை. நல்ல விதைச் சேறு வேண்டும். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியும். போனை எடுத்தேன், இந்த முறை வைக்கவில்லை.

“யாரு?”

“நான்தான் அக்கா.”

மறுமுனையில் ஏதோ பம்பு ஓடும் சத்தம்.

“டேங்க் விஷயமா?”

“ஆமா.”

“சொல்லு.”

இரண்டு டேங்கர் வண்டிகள் வந்தன. காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை கருஞ்சேறு. அள்ளிப் பார்த்தால் கடுகு கடுகாய் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் அந்த நான்கு கூட்டமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குடியிருந்தன. இங்கே செத்தவற்றின் சந்ததி அங்கே பிழைத்திருந்தது, ஐயா! அவள் பிழைக்க வைத்திருந்தாள்!

பிறகு நாள்தோறும் காலை பத்து மணிக்குப் போன். “சூடு எவ்வளவு?” “முப்பத்தாறு.” “அமிலம்?” “நேத்தவிடக் கம்மி.” “அவசரப்படாத. பத்துல ஒரு பங்கு தண்ணி மட்டும் ஊத்து. அதுங்க பழகட்டும்.” தொண்ணூற்று மூன்று நாள்! உடம்பு எப்படி என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று நானும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பத்து மணி எப்போது வரும் என்று ஒன்பது மணியிலிருந்தே போனைக் கையில் பிடித்திருப்பேன். ‘அமிலம்’ என்று அவள் சொல்லும் அந்தக் குரலுக்காகவே காத்துக் கிடந்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் சுடர் அணையாமல் நின்று எரிந்தது.

“அக்கா, எரியுது!”

“நிறம்?”

“நீலம்.”

அவள் அழுதாள். பதினோர் ஆண்டுகளில் அவள் அழுது நான் கேட்டது அன்றுதான். தாங்கவில்லை எனக்கு. “அக்கா, எனக்கு நினைவிருந்துச்சு. எல்லாமே நினைவிருந்துச்சு. நான் பொய் சொன்னேன்” என்று கொட்டிவிட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அது எனக்குத் தெரியாதாடி? நானும் அந்த அறையிலதானே நின்னேன். என்கிட்ட எதுக்குச் சொல்ற? அன்னைக்கு யார் முன்னாடி வாய மூடினியோ, அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

போனை வைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன், பெருமக்களே! புகழுக்கு அல்ல, புண்ணைத் திறக்க! தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் இரண்டே நிமிடம், ஐயா.

இதே மண்டபம், இதே மனிதர்கள் முன்னால் சொல்கிறேன். அமில அளவை எடுத்தவள் நான். எச்சரித்தவள் என் அக்கா. கெஞ்சியவள் என் அக்கா. மூட்டை சுமந்தவள் என் அக்கா. தெரிந்தும் தெரியாது என்றவள் நான்! தொட்டியைக் கொன்றது அவள் கவனக்குறைவு அல்ல. அவளைத் துரத்தியது என் கோழைத்தனம்! இன்று எரிகிற நீலச் சுடருக்கு விதை கொடுத்ததும் அவள். விதிமுறை சொன்னதும் அவள். இதற்காக ஆலை எனக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. கைதட்டலைக் கேட்க இங்கே இருக்க வேண்டியவள் இல்லை.

அவள் வருவாளா? தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கும் உரிமையை இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கிறேன். நாளைக் காலைப் பேருந்தில் நானே கிளம்புகிறேன். இரண்டு நாள் பயணம். வாசலில் நின்று கூப்பிடுவேன். திறந்தால் உள்ளே போவேன். திறக்காவிட்டால் திறக்கும்வரை நிற்பேன்.

அவள் என்னோடு வந்தால், உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். தெருவில் அவளைப் பார்த்ததும் “ஏன் போனீங்க?” என்று கேட்காதீர்கள். “எப்ப வந்தீங்க?” என்று கேளுங்கள்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், கோபத்தோடு எழுந்து நிற்கும் அந்தத் தோழருக்கும் (உங்கள் கோபமும் நியாயமே), அனைவருக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்.