விலைக்கேற்ற நிசப்தம்

“ரெண்டு காதை மூடுறதுக்கு இவ்வளவு விலையாங்க? பஞ்சை வச்சு அடைச்சுக்கச் சொல்லுங்க உங்க தம்பியை.”

“பஞ்சு வச்சா கம்ப்ரசர் சத்தம் நிக்குமா? பாவம்டி. நாள் முழுக்க அது பக்கத்துலயே உக்காந்திருக்கான். சாயந்தரமானா தலையைப் பிடிச்சுக்கிட்டுப் போறான்.”

“எனக்கும்தான் தலை வலிக்குது.”

“உனக்கு நான் இருக்கேன். அவனுக்கு யாரு இருக்கா?”

அந்த ஹெட்ஃபோன் எங்களிடம் வந்தது இப்படித்தான். வாக்குமூலத்தை இங்கிருந்து தொடங்குவதற்கு மன்னியுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அதன் விலையைப் பற்றிப் பேசாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம். கிடங்கின் பாதியை உறைபதன அறையே அடைத்துக்கொள்ளும். அதன் கனத்த கதவுக்கு வெளியே ஒரு மேசை, ஒரு நாற்காலி. அது என் கொழுந்தனின் இடம். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். புது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, “என்னடா, விண்வெளிக்குக் கிளம்பிட்டியா?” என்பேன். ஒரு காதை மட்டும் விலக்கி, “அங்கயாவது நிம்மதியா விடுங்க அண்ணி” என்பான். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். தம்பி எதைச் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும்.

போன வருடம், ஆட்கள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சரக்குப் பார்க்க அந்த அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்கிற வேலை கொழுந்தனுடையது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

நான் வீட்டில் சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த அறைக்குள் சிக்னல் எட்டாது, அவர் போன் கிடைக்கவில்லை; கொழுந்தன் எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கிடங்குக்குப் போனேன். கொழுந்தன் கதவுக்கு முதுகைக் காட்டி, காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். கதவை நான்தான் திறந்தேன். அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவருடைய விரல் முட்டிகள் எல்லாம் கிழிந்திருந்தன.

“அண்ணன் வெளிய போயிட்டாருன்னு நினைச்சேன் அண்ணி. காதுல இது இருந்துச்சு. எதுவுமே கேக்கல.”

உங்கள் துறை அதை நம்பியது. நானும் நம்பினேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது, எதுவும் கேட்காதபடிதான் செய்யும் என்று உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். பஞ்சோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பாரே என்று நான் என்னையே நொந்துகொண்டேன்.

அந்த ஹெட்ஃபோனைத் தொடவே பிடிக்கவில்லை என்று கொழுந்தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டான். நான் எடுத்து வந்தேன். ஆறுதல் சொல்ல வருபவர்கள் போன பிறகு மாட்டிக்கொண்டு உட்காருவேன். மின்விசிறியின் இரைச்சல் போய்விடும். ஃப்ரிட்ஜின் முனகல் போய்விடும். கொடுத்த விலை தகும் என்றே தோன்றியது. ஒருநாள் கூரியர்காரர் வந்து வாசல் கதவைத் தட்டினார். தட்டியது கேட்டது. மற்ற இரைச்சல் எல்லாம் ஒழிந்துபோனதால், முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எங்கள் வேன் ஓட்டுநரை உறைபதன அறைக்குள் நின்று கதவைத் தட்டச் சொன்னேன். கொழுந்தனின் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பாட்டும் போட்டேன். “எதுக்குன்னு தெரியல, ஆனா தட்டுறேன்க்கா” என்றுதான் உள்ளே போனார். ஒவ்வொரு தட்டும் கேட்டது. பிறகு, கதவின் ரப்பர் பட்டை நைந்த இடத்தில் வாயை வைத்து, “அக்கா, குளுரு எலும்புல ஏறுது, விளையாட்டு போதும்” என்றார். அதுவும் கேட்டது. உடனே திறந்துவிட்டேன். நான் கொடூரமானவள் இல்லை.

உங்களிடம் வந்திருக்கலாம். அவன் அழுதிருப்பான், நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு வேண்டியது அதில் கிடைத்திருக்காது. உள்ளேயிருந்து என் கணவர் அவனிடம் என்ன கேட்டார்? அது எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வருடமாக அதை அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். நானும் இரண்டாம் தடவை போட்டுக்கொள் என்று பரிமாறியிருக்கிறேன்.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போய், புதிதாகப் போட்டிருந்த உள்குமிழைத் திருப்புளியால் கழற்றினேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்போது மனதில் ஒன்றும் இல்லை. பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டு வெனிலா டப்பாக்களை எண்ணச் சொன்னேன். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் சிரித்தான். “அண்ணி, என்ன சின்னப்புள்ளத்தனமா?” என்றான். பிறகு தட்டினான். அண்ணன் என்ன கேட்டார் என்று சொன்னால் திறக்கிறேன் என்றேன். நைந்த ரப்பர் பக்கம் வாயைக் கொண்டுவந்தான்.

“பங்கைப் பிரிச்சுக் கொடுக்க மாட்டேன்னு அன்னிக்குக் காலைல அண்ணன் திட்டிட்டாரு அண்ணி. பத்து நிமிஷம் கிடக்கட்டும்னுதான் நினைச்சேன். அப்புறம் தட்டுறது நின்னுபோச்சு. நின்னதும் திறக்கப் பயமாயிடுச்சு.”

நானும் பத்து நிமிடம்தான் நினைத்தேன், அம்மா. அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து உங்களைக் கூப்பிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பயம்கூட இல்லை.

அவன் பேசியது கேட்டதா என்று கேட்கிறீர்கள். அவன் அழ ஆரம்பித்ததும் நானும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வசதி அவனுக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா? கம்ப்ரசர் அடங்கியது. விளக்கின் ரீங்காரம் அடங்கியது. என் மூச்சுகூட எங்கோ போய்விட்டது. அந்த அமைதிக்குள், கதவின் நைந்த ரப்பர் வழியாக, ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்ததை அவன் அண்ணன் சொன்னபடியே சொன்னான்.

“டேய், அவ சாப்பிடாம உக்காந்திருப்பாடா. கதவைத் திற.”